தூத்துக்குடி மணக்கக் கூடாத அடுப்பு

பெற்றீசியாவுக்கு அட்டைக்குப் பயமில்லை, பேய்க்குப் பயமில்லை, கங்காணியின் வாய்க்கும் பயமில்லை. அவள் பயந்ததெல்லாம் ஒரு மீன் குழம்பின் வாசனைக்கு. அதுவும் சொந்த அடுப்பில், சொந்தப் புருஷன் கையால் கொதிக்கிற குழம்பின் வாசனைக்கு. கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும். அவளோடு அந்த லயத்தில் ஒரு வாரம் குடியிருந்தால் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும்.

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக் கடைவீதிக்கு மேலே, திம்புள்ளப் பக்கமாக ஏறிப்போகிற பாதையில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். லயம் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். நடுச்சுவர் கூரையைத் தொடாது. தோட்டத்தைக் கட்டிய வெள்ளைக்காரன் அந்த இரண்டடிச் சுவரில் எவ்வளவு மிச்சம் பிடித்தானோ, அந்தச் சந்து வழியாக ஒரு வீட்டுச் சண்டை, இருமல், குழம்பு எல்லாமே மறு வீட்டுக்குப் போய்விடும். கிழக்கோடி வீட்டில் கருவாடு சுட்டால் மேற்கோடி வீட்டில் சோறு தேடுவார்கள். ஒளித்துச் சாப்பிட முடியாத இடம் அது.

பெற்றீசியா பிறந்தது அந்த லயத்தில்தான். அவளுடைய அம்மாவும் அங்கே கொழுந்து பறித்து அங்கேயே செத்தவள். இருந்தாலும் நாற்பத்தெட்டில் சுதந்திரம் வந்த சூட்டோடு சட்டம் ஒன்று வந்து, அவளைப் போன்ற லட்சக்கணக்கானவர்களை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கிவிட்டது. இங்கே பிறந்தவளுக்கே அந்தக் கதி. அவள் புருஷன் பத்திநாதனோ இங்கே பிறந்தவனும் இல்லை. தூத்துக்குடியில் பிறந்து, கடலோரத்தில் வளர்ந்து, ஒரு விடியலில் தோணியில் வந்து கற்பிட்டிப் பக்கம் இறங்கி, நடந்தும் லொறியில் தொற்றியும் மலையேறியவன். கள்ளத்தோணி என்று போகிற வருகிறவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினார்களே, அதன் அசல் பத்திநாதன்தான். பிடிபட்டால் முகாம். முகாமிலிருந்து கப்பல். கப்பல் போனால் போனதுதான்.

அவன் கொட்டகலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரனாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிநேகிதிகளோடு அங்கே சாப்பிட உட்கார்ந்த பெற்றீசியா, முதல் கவளத்திலேயே கையை நிறுத்திவிட்டாள். மாசிச் சம்பலும் பருப்பும் காரக் கருவாடும் அறிந்த நாக்கு அது. இந்தக் குழம்பில் தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் மைபோல அரைபட்டு, புளி அளவாக நின்று, மேலே பச்சைத் தேங்காயெண்ணெய் மணத்தது. எந்த ஊர்க் குழம்பு என்று கேட்டாள். அவன் ஒளிக்காமல் சொன்னான். ஐம்பத்து மூன்றில் சாமியார் தாலியெடுத்துக் கொடுத்தார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் என்று லயத்தில் சொல்லிவைத்தாள். நம்பினார்களோ, நம்பியதாக நடித்தார்களோ, யாரும் துருவவில்லை.

முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திநாதனே அடுப்படியில் உட்காருவான். கொழும்பிலிருந்து ரயிலில் ஐஸ் பெட்டியில் வந்து சேரும் சாளை மீனுக்கு உயிர் கொடுப்பான். பக்கத்து வீட்டு லெட்சுமி வெட்கமே இல்லாமல் கிண்ணத்தோடு வருவாள்.

பிறகுதான் அழகுமுத்து பிடிபட்டான். அட்டனில் ஒரு கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவனை, கத்தியைக் கீழே வைக்கச் சொல்லி, செதில் ஒட்டிய கையோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அவனும் தோணியில் வந்தவன்தான், தூத்துக்குடியில் பத்திநாதனுக்கு ஒரே தெருக்காரன். யார் காட்டிக்கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் லெட்சுமி வந்து பெற்றீசியாவிடம் ஒரு சொல் சொன்னாள்.

"குழம்பை வாயில வச்சதுமே பொலிசுக்காரர் கண்டுபிடிச்சிட்டாராம் புள்ள. இது இந்த நாட்டுக் கை இல்லன்னு சொன்னாராம்."

அது நிஜமோ பொய்யோ, பெற்றீசியாவுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே அம்மிக்கல்லைப் புரட்டிப் போட்டாள்.

"இங்க பாருங்க. இனிமே இந்த வீட்டுல தூத்துக்குடி மணக்கக் கூடாது."

"ஞாயித்துக்கெழம மட்டும்..."

"ஞாயித்துக்கெழமதான் எல்லாருக்கும் மூக்கு வேலை செய்யுது."

அவளுடைய பயம் சும்மா இருக்கிற பயமில்லை, வேலை செய்கிற பயம். புருஷனைப் பிடித்து உட்காரவைத்து லயத்துக்காரனாக வார்த்தெடுத்தாள். கோதுமை மாவில் தேங்காய்ப்பூப் போட்டுத் தடிமனாக ரொட்டி தட்டக் கற்றுக்கொடுத்தாள். அதை இடிசம்பலோடு பிய்த்துத் தின்னும் விதத்தைக் கற்றுக்கொடுத்தாள். சாயத்தண்ணி குடிக்கிற விதம்தான் அவனுக்கு வரவே இல்லை. லயத்தில் வெறும் தேத்தண்ணியில் சீனி கலக்கமாட்டார்கள். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, நாக்கால் தொட்டுத் தொட்டுக் குடிப்பார்கள். கருப்பட்டியைக் கலக்கிக் காப்பி குடித்து வளர்ந்தவன் சீனியைக் கொடுத்த மறுநிமிஷம் கோப்பைக்குள் கொட்டினான். அவள் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். சின்னப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்குவதுபோல மாதக்கணக்கில் அது நடந்தது. ஒருநாள் அவன் யோசிக்காமலே கையை நீட்டிச் சீனியை நக்கினான். அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

சாப்பாட்டுக் கடையை விட்டுவிட்டு அவன் ஒரு பேக்கரியில் பாண் மாவு பிசையப் போனான். மாவுக்கு ஊர் கிடையாது என்று பெற்றீசியாதான் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாள். மகள் ஐவி பிறந்தாள். பிள்ளை தவழ்ந்து, நடந்து, பேச ஆரம்பித்தபோது அவன் பேசுவது குறைந்திருந்தது.

மழை பிடித்து வேலை நின்ற பகல்களில் மட்டும், பிள்ளை தூங்கும்போது, அவள் காதோரம் கிசுகிசுப்பான். விடியலில் பனையேறி இறக்கிய பதநீர், அதில் மிதக்கும் நுங்கு. நண்டை உடைத்துப் போட்டுக் காய்ச்சிய ரசம். கணவாய் வறுவல். பனிமய மாதா கோயில் தேர் இழுக்கும் நாளில் முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளையும் சீனியும் அடித்துச் சுட்ட மக்ரூன், வாயில் போட்டதும் இல்லாமலே போய்விடும். அப்புறம் சாளைக் குழம்பு. எதை முதலில் அரைப்பது, எதைக் கடைசியில் போடுவது, எண்ணெய் எப்போது, கருவேப்பிலை எப்போது என்று வரிசை பிசகாமல் சொல்வான். கிசுகிசுப்பது ஒன்றுதான் மணக்காமல் சமைக்கிற வழி. அவள் அத்தனையையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். அந்த ஊரின் தெருக்களும் உப்பளமும் முயல் தீவும் கண்ணால் காணாமலே அவளுக்கு அத்துப்படி.

ஒரு வருஷத்து ஆடி மழையில் பத்திநாதன் படுத்துவிட்டான். பேக்கரி அடுப்புச் சூட்டிலிருந்து நேரே மழைக்குள் நடந்து வந்ததுதான் காரணம் என்றார் தோட்டத்து மருந்துக்காரர். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் அனலாக அடித்தது. கஞ்சி இறங்கவில்லை. ரொட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினான். வயிற்றுக்கு ஏதாவது போகாவிட்டால் மருந்து வேலை செய்யாது, ஆள் தங்கமாட்டான் என்று மருந்துக்காரர் வெளியே வந்து அவளிடம் மெதுவாகச் சொன்னார். உள்ளே அவன் கண்ணை மூடிக்கொண்டு சாளைக் குழம்பு என்று முனகிக்கொண்டிருந்தான்.

பெற்றீசியா வாசலில் உட்கார்ந்து யோசித்தாள். சமைத்தால் பொலிஸ் கொண்டுபோகும். சமைக்காவிட்டால் காய்ச்சல் கொண்டுபோகும். இரண்டு பயத்தில் எது பெரிது என்று ஒரு மனுஷி உட்கார்ந்து நிறுத்துப் பார்க்க வேண்டி வந்தால் அது என்ன வாழ்க்கை என்று எனக்குக் கோபம்தான் வருகிறது. அவளுக்குக் கோபப்பட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் லயம் முக்கால்வாசி கடைவீதிக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டாள். காலையிலேயே போய்ச் சாளை வாங்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள்.

கதவைச் சாத்தி, கீழ்ச் சந்தில் சாக்கைத் திணித்தாள். யூகலிப்டஸ் இலையைத் தணலில் போட்டுப் புகையவிட்டாள். புரட்டிப் போட்டிருந்த அம்மியை நிமிர்த்தினாள். காதில் கேட்டதெல்லாம் கையில் வந்தது. தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மிளகாய், மஞ்சள். புளி கரைத்து ஊற்றினாள். மீனைப் போடும்போது மட்டும் அவளை அறியாமல் கை உறிக்குப் போயிற்று. அங்கே கொறக்கா இருந்தது. சிங்கள நாட்டில் மீன் கழுவினால் கூடவே எடுக்கிற கறுத்த காய்ந்த புளி அது. அதில் நாலு சுளை போட்டால்தான் மீன் கெடாது, உடையாது என்று அவள் அம்மா செய்தாள், லெட்சுமி செய்கிறாள், தோட்டம் முழுக்கச் செய்கிறது. மீன் என்றால் கொறக்கா. அதற்கு யோசனை எதற்கு? போட்டு மூடினாள்.

குழம்பு கூடி வருகிற நேரத்தில் வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது.

யாரோ பொலிஸ் காதில் போட்டிருக்கிறார்கள். இந்த லயத்தில் தூத்துக்குடி ஆள் ஒன்று இருக்கிறது என்றுமட்டும். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லாத அரைகுறைச் சேதி. வந்தவர் ஒரு பொலிஸ் சார்ஜன், கூட ஒரு கான்ஸ்டபிள். சார்ஜன் சிலாபக் கரையில் பிறந்த சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மன்னார்ப் பக்கம் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். பிடிபட்ட தோணிக்காரர்கள் மணலில் கல்லடுப்புக் கூட்டி வைத்த குழம்பை அவரும் தின்றிருக்கிறார். எத்தனையோ பொலிஸ்காரர்கள் இருக்க, இவர் வந்தாரே, அதுதான் அவள் நேரம்.

கதவு திறந்ததும் அவர் மூக்கை மட்டும் உயர்த்தினார். ஐவி பெற்றீசியாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"படுத்திருக்கிறது யாரு?"

"வீட்டுக்காரருங்க. காய்ச்சல்."

"எந்தத் தோட்டம்?"

"மஸ்கெலியாங்க," என்றான் பத்திநாதன், போர்வைக்குள்ளிருந்து.

லெட்சுமி அன்றைக்குக் கடைவீதிக்குப் போகவில்லை. பொலிஸைக் கண்டதும் என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒரே மரியாதையைச் செய்தாள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். சார்ஜனுக்கு ஒரு கோப்பை, கான்ஸ்டபிளுக்கு ஒரு கோப்பை, படுத்திருந்தவனுக்கு ஒரு கோப்பை. சார்ஜன் குடிக்காமல் பத்திநாதனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எழுந்து சுவரில் சாய்ந்து, இடது கையை நீட்டி, லெட்சுமி உள்ளங்கையில் போட்ட சீனியை நாக்கால் தொட்டு, ஒரு வாய் குடித்தான். காய்ச்சலிலும் கை பிசகவில்லை. சார்ஜன் பார்வையை எடுத்துவிட்டார். பெற்றீசியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வந்த மூச்சு வெளியே போவதற்குள் அவர் அடுப்பைக் காட்டினார்.

"இதை வச்சது யாரு?"

"நாந்தாங்க."

"என்ன போட்டாய்?"

அவள் சொன்னாள். பயத்தில் வாய் கோணினாலும் வரிசை கோணவில்லை. எதை முதலில் அரைப்பது, எதைக் கடைசியில் போடுவது எல்லாம் அவன் சொன்னபடியே வந்தது. அரைத்துப் போட்டதைச் சொல்லத் தெரிந்தவளுக்குக் கை தானாகப் போட்டதைச் சொல்லத் தோன்றவில்லை. சார்ஜன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, விளையாட்டாகக் கேட்பதுபோல, மாதா கோயில் தேர் எந்த மாதம் என்றார். ஆகஸ்ட் என்றாள். கடலுக்குள் தெரிகிற தீவு எது என்றார். முயல் தீவு என்று நாக்கு முந்திக்கொண்டது.

"இந்த மலையில பிறந்த எந்தப் பொம்பளைக்கு முயல் தீவு தெரியும்?" என்றார் சார்ஜன். "நீதான் அந்த ஆளு."

லெட்சுமி குறுக்கே வந்தாள். "மாத்தயா, இவ இங்கேயே பொறந்தவங்க. இவ ஆத்தாவ நான் பார்த்திருக்கேன்."

"லயத்தில எல்லாருக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

பெற்றீசியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவனை எவ்வளவு நன்றாக லயத்துக்காரனாக்கினாளோ, அவ்வளவு நன்றாக அவன் அவளைத் தூத்துக்குடிக்காரியாக்கியிருக்கிறான். இப்போது இல்லை என்று வாதாடினால், உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பதில் இரண்டடி தூரத்தில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகாம், கப்பல், முன்பின் தெரியாத கரை எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றது.

"ஆமாங்க," என்றாள். "நான் தூத்துக்குடிதாங்க."

ஸ்டேஷனுக்குப் புறப்படச் சொன்னார் சார்ஜன். பிள்ளையையும் தூக்கிக்கொள்ளச் சொன்னார். அவள் குனிந்து ஐவியைத் தூக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"ஏளா, ஒரு தட்டு எடு."

அவனுடைய ஊரில் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற கூப்பாடு. இத்தனை வருஷம் அவள் அவன் வாயைப் பொத்திப் பொத்தி அடக்கிவைத்த கூப்பாடு. பத்திநாதன் போர்வையை உதறிவிட்டு அடுப்படிக்கு வந்து உட்கார்ந்திருந்தான். அவள் அசையவில்லை. அவனே சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினான். பிசைந்து ஒரு வாய் வைத்தான். மென்றான். முகத்தைச் சுளித்தான்.

"ஐயா, இதக் கொஞ்சம் வாயில வச்சுப் பாருங்க. கொறக்கா போட்டிருக்கா. எங்க ஊர்ல மீனுக்குப் புளிதான். இந்தக் கறுப்ப ஒரு பயலும் கண்ணால கண்டதில்ல. போட்டா சட்டியோட தூக்கி எறிவாங்க. எங்க ஊர்ப் பொம்பளை செத்தாலும் இதச் செய்யமாட்டா."

சார்ஜன் சட்டிக்குள் கரண்டியை விட்டுத் துழாவினார். அடியில் கறுத்துக் கிடந்த சுளை ஒன்று கரண்டியில் ஏறி வந்தது.

"எங்க ஊர்ல," என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "எங்க ஊர்லன்னு சொல்றாய்."

"ஆமாய்யா. எங்க ஊர்தான். இவ இங்கத்தக்காரி. விடுங்க."

பெற்றீசியா அவன் வாயைப் பொத்தப் போனாள். அவன் அவள் கையை விலக்கிவிட்டு இன்னொரு கவளம் எடுத்தான். சார்ஜன் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்கணக்கில் கஞ்சி இறங்காதவன், சட்டியோடு எறிய வேண்டும் என்று சொன்ன குழம்பைத் தட்டு வழித்துத் தின்றான். கை கழுவினான். ஐவியின் தலையில் ஈரக்கையை வைத்தான். லெட்சுமி தன் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள்.

பாதையில் ஜீப் நின்றது. அவன் ஏறி உட்கார்ந்த பிறகு சார்ஜன் திரும்பி வந்தார்.

"நான் எழுதிக்கொள்ள வேணும். கடைசியா ஒருதரம் கேக்கிறேன். பிள்ளை இருக்கு, யோசிச்சுச் சொல்லு. நீ எந்த ஊர்?"

பெற்றீசியா ஜீப்பைப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவன் தலையை ஆட்டினான். சொல்லு என்பதுபோல ஒருதரம், பிறகு இன்னொருதரம். இடுப்பில் பிள்ளை கனத்தது.

"இந்தத் தோட்டந்தாங்க," என்றாள். "இந்த லயத்துலதான் பொறந்தேன்."

அது சுத்தமான உண்மை. அந்த உண்மையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு அவள் இந்தப் பக்கம் நின்றாள், அவன் அந்தப் பக்கம் போனான். காய்ச்சலோடு முகாமுக்குப் போனவன் தலைமன்னாரில் கப்பல் ஏறினான் என்று ஒரு சேதி வந்தது. அதற்கு முன்பே முடிந்துவிட்டான் என்று இன்னொரு சேதி வந்தது. இரண்டையும் கேட்டுவிட்டு அவள் மறுநாளும் கொழுந்துக்குப் போனாள்.

அறுபத்து நாலில் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் கூடி ஒப்பந்தம் போட்டு, யார் இங்கே, யார் அங்கே என்று ஆட்களைப் பிரித்தபோது, தோட்டத்து ஆபீசில் ஒவ்வொருவரையும் வரிசையில் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னாலிருந்தவர் பெயர் கேட்டார், சொன்னாள். பிறந்த இடம் எது என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவர் மறுபடி கேட்டார், பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் பக்கத்தில் நின்ற ஐவிதான், "இந்தத் தோட்டந்தாங்க," என்று பதில் சொன்னாள்.